முழங்கால் தண்ணீர்

மாலத்தீவில் காபி நன்றாக இருக்காது. பால் பவுடரைக் கரைத்து ஊற்றுகிறார்கள். ஊர் திரும்பியதிலிருந்து காபி விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகிவிட்டேன். குடியுங்கள் அம்மணி, ஆறிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறீர்கள். நீங்கள் கட்டிக்கொள்ள இருந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. போலீஸ்காரர்கள் அதைக் கேட்கவே இல்லை.

பொங்கியண்ணன் என் தங்கை ராசாத்தாளின் வீட்டுக்காரர். அவள் இறந்துபோனபின் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பெரியநாயக்கன்பாளையத்துக்கு, இந்த வீட்டுக்கே வந்துவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பகலெல்லாம் மோட்டார் பட்டறை இரைச்சல். சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் பேச ஆள் கிடையாது. அவர் வந்தபின் வீட்டில் ரேடியோ பாடியது. சாப்பிட்ட பிறகு இரண்டு தட்டு கழுவ வேண்டியிருந்தது. தட்டுக் கழுவுவதில் ஒரு மனுஷனுக்குச் சந்தோஷம் வரும் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஞாயிறானால் ஊட்டிக்கு மேலே அவலாஞ்சி ஓடைக்குப் போவோம், ட்ரவுட் மீன் பிடிக்க. புழு கோத்துவிட்டுக் குந்தியிருக்கிற வேலை அல்ல அது. கொக்கியில் இறகைப் பூச்சி மாதிரி கட்டி, நீளக் கயிற்றைத் தலைக்கு மேல் சுழற்றி வீசி, தண்ணீர்மேல் மெல்ல இறக்க வேண்டும். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் எனக்குச் சொல்லித்தந்தார், நான் மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை சண்டைக்கு விடுகிற கட்டுச் சேவல் வளர்த்தவர். சேவலின் கழுத்து இறகில் அவர் கட்டுகிற பூச்சியைப் பார்த்தால் எனக்கே அடிக்கக் கை ஓங்கும்.

ஐப்பசியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது உங்களைப் பற்றிச் சொன்னார்.

"மச்சான், தை பொறந்ததும் பங்காரம்மாளக் கட்டிக்கலாம்னு இருக்கறனுங்க. நீங்கதான் முன்னால நின்னு நடத்தி வெக்கோணும். நீங்க வேண்டாம்னா வேண்டாங்க."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் கேட்டிருப்பார். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையும் உங்களையே நினைத்துக்கொண்டிருப்பார். ஒருவரை அப்படி வைத்துக்கொள்வது நியாயமில்லை. சந்தோஷம் என்றேன். இங்கேயே இருப்பீர்களா என்று கேட்டேன். நீங்கள் பாக்கு மண்டியை விட்டுவிட்டு வர முடியாது, அவர்தான் மேட்டுப்பாளையம் வரவேண்டியிருக்கும் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வீடு சாயங்காலத்தில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை கடலிலும் வீசிப் பார்த்துவிடலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். திருவனந்தபுரம் போய் மாலத்தீவுக்கு விமானம் ஏறினோம். அங்கே அப்துல் வஹீது என்று ஒரு படகுக்காரர், நல்ல மனிதர், இங்கிலீஷ் பேசுவார். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வராது. வஹீது சொல்வதையெல்லாம் நான் தமிழில் சொல்வேன். ஒரு தடவைகூட மாப்பிள்ளை திருப்பிக் கேட்டதில்லை.

முதல் நாளே சேவல் இறகுக்கு ஒரு மீன் வந்தது, வெள்ளிக் கட்டி மாதிரி. கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டுவிட்டார். இதை உங்களிடம் உடனே சொல்ல வேண்டும் என்று டெலிபோன் இருக்குமிடத்துக்கு என்னை இழுத்துப்போனார். நம்பரைச் சுழற்றியவன் நான். லைன் கிடைக்கவில்லை என்றேன். வேண்டுமென்றே ஓர் எண்ணை மாற்றிச் சுழற்றியிருந்தேன். அது சின்ன விஷயம்.

மறுநாள் வஹீது எங்களை ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டார். தண்ணீர் கணுக்கால் அளவுதான். படகு எதிர்மேட்டுக்குப் பின்னால் நிற்கும், தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் இரண்டு பேரும் நடந்து மேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதாம். அது நிரம்பிவிட்டால் ஆறு மாதிரி ஓடி ஆளை வெளிக்கடலுக்கு இழுத்துவிடுமாம். இதை இரண்டு தடவை சொன்னார்.

"என்னங்க மச்சான் சொல்றாரு?"

"தண்ணி இடுப்புக்கு வந்தாத்தான் பெரிய மீன் வருமாம் மாப்ள. அசையாம நிக்கோணுமாம்."

கொஞ்ச நேரம் கழித்து, தாகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மேட்டுக்கு நடந்தேன். பள்ளத்தில் அப்போதே தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது.

வேறு ஊர்க்காரராக இருந்தால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்ததும் கிளம்பியிருப்பார். நம்மவர்கள் கிளம்ப மாட்டார்கள். தண்ணீருக்குப் போர் போட்டுப் புழுதி பறந்ததைப் பார்த்த ஜனம் நாம். கிணற்றில் தண்ணீர் ஒரு படி ஏறினால் வீட்டிலிருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவோம். மாப்பிள்ளையும் நின்றுதான் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, சிரித்த முகமாக என்னைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னார்.

"ஏனுங்க மச்சான், தண்ணி என்னமா ஊறுதுங்க!"

நீங்கள் கேட்டது இதுதான். பேச்சாக அவர் சொன்னது இதுதான் கடைசி.

வஹீது மேட்டுக்குப் பின்னால் சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். உங்கள் ஆள் எங்கே என்று கேட்டார். அவர் நன்றாக நீந்துவார் என்றேன். அது பொய்யில்லை. சின்ன வயதிலிருந்தே கிணற்றில் குதித்து வளர்ந்தவர். கிணற்றுத் தண்ணீர் ஆளை எங்கேயும் கொண்டுபோகாது. பள்ளத்தில் இறங்கி நாலு கை போட்டார், அதற்குள் தண்ணீர் அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனது. கையைத் தூக்கினார். நானும் கையைத் தூக்கினேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை அம்மணி, உங்களுக்கு வருத்தமாக இருக்கும். மச்சான், மச்சான் என்று என்னைத்தான் கூப்பிட்டார், குரல் கேட்கிறவரைக்கும். வஹீது படகை எடுத்தபோது தலை தெரியவில்லை. உடல் மறுநாள் பக்கத்துத் தீவில் ஒதுங்கியது. கூட்டிக்கொண்டு வந்தேன்.

நான்தான் கொன்றேன் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். பள்ளத்தைப் பற்றித் தெரிந்தே மறைத்தேன், நிற்கச் சொன்னதும் நான்தான். ஆனால் எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை. அவர் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். இப்போது சாயங்காலம் ரேடியோவைப் போட்டு வைக்கிறேன். அவருடைய தட்டையும் எடுத்து வைத்துக் கழுவுகிறேன்.

காபியைத் தொடவே இல்லையே. உட்காருங்கள், வேறு போட்டுத் தருகிறேன். அவருடைய தூண்டில் பத்திரமாக இருக்கிறது, அவர் கட்டிய பூச்சிகளும் இருக்கின்றன. உங்களுக்கும் இனி சாயங்காலத்தில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவலாஞ்சிக்கு வாருங்கள். ஓடை ஆழமில்லை, பயப்பட வேண்டாம். கூட வந்தவரைத் தனியாக விட்டுவிட்டு வருகிற ஆள் நான் இல்லை.