முதலில் வந்த எண்

கணினி மெதுவாக ஓடுகிறது என்று என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, உள்ளே விசிறியில் அடைத்த தூசிதான் காரணம். தூரிகையால் தட்டிவிட்டால் போதும். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஐயா. பெரிய வியாதி என்று சொன்னால்தான் வைத்தியனுக்கு மரியாதை.

உட்காரச் சொன்னதற்கு நன்றி. எனக்கும் அலுத்துவிட்டது. நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

பழுது பார்த்துக் கொடுக்கிற ஒவ்வொரு கணினியிலும் சில இலவச மென்பொருள்களை ஏற்றுவேன். பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று என்று. அவற்றோடு ஒரு தேடல் பட்டையும், விளம்பரம் காட்டும் சில்லறைச் சரக்குகளும் ஒட்டிக்கொண்டு வரும். ஏற்றும்போது நடுவில் ஒரு கட்டம் தோன்றும். ‘இவையும் சேரட்டுமா’ என்று பொடி எழுத்தில் கேட்டிருக்கும்; சம்மதம் என்று மென்பொருள்காரர்களே டிக்கும் போட்டிருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் ஒன்றும் சேராது. நான் எடுக்கமாட்டேன். விளம்பரக்காரர்கள் கொடுப்பது கடை வாடகைக்குச் சரியாகப் போகும். எங்கள் தொழிலில் இதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. ஊரோடு ஒத்துப் போனேன்.

கொஞ்ச நாளில், திரை முழுக்க விளம்பரம் முளைக்கிறது என்று வாடிக்கைக்காரர்களே திரும்பி வருவார்கள். துடைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவேன். தேடல் பட்டையை மட்டும் விட்டுவைப்பேன். அது சாது. எதைத் தேடினாலும், காசு கொடுத்தவனை முதலில் காட்டும், அவ்வளவுதான். அவன் யார், எப்படிப்பட்டவன் என்று அது கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

தையல்கார அக்காவின் கணினியிலும் அந்தப் பட்டை இருந்தது. என் கடைக்கு எதிரே பிரிகிற தெருவில்தான் அவர் வீடு. முன்னறையில் தையல் இயந்திரமும், சட்டை மாதிரிகள் பார்க்கக் கணினியும். உள்ளறையில் அவர் கணவர். லாரி ஓட்டியவர், நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பிப் படுத்திருந்தார். இயந்திரத்தின் மேல் அதைச் செய்த நிறுவனத்தின் உதவி எண் ஒட்டியிருந்தது. அக்காவுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கவேண்டும். தினமும் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எண் அழிந்துபோயிருந்தது.

ஒரு பிற்பகலில் இயந்திரம் நின்றது. அக்கா கணினியில் நிறுவனத்தின் பெயரைத் தட்டி, முதலில் வந்த எண்ணை அழைத்தார். என் பட்டை காட்டிய எண் அது. எடுத்தவன் மரியாதையாகப் பேசியிருக்கிறான். வங்கி அட்டை விவரத்தை வாங்கிக்கொண்டு, “ஆள் கிளம்பியாச்சும்மா. நீங்க தெருமுனையில வந்து நில்லுங்க. வேற யாரையும் கூப்பிடாதீங்க, லைன் கட்டாயிடும்” என்றானாம்.

அக்கா தெருமுனைக்கு வந்து நின்றார். போனைக் காதில் வைத்தபடி, வருகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றதைக் கடையிலிருந்து பார்த்தேன். யாரோ விருந்தாளி வழி தவறிவிட்டார் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. அவர் வீட்டுக்குத் திரும்பியபோது கணவர் போய்ச் சேர்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்தபிறகு அக்காவின் மகன் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனான். நிறுவனத்தில் விசாரித்திருக்கிறான், அன்று அவர்களுக்கு அழைப்பே வரவில்லை. அம்மாவுக்கு அந்த எண் எங்கிருந்து கிடைத்தது என்று அவனுக்குத் தெரியவேண்டும். “அண்ணே, இதுல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது. அவன் எனக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது பட்டையை நீக்கினேன். தேடிய தடத்தையும் அழித்தேன். தினமும் செய்கிற வேலைதானே. அவன் வந்ததும் அவன் எதிரிலேயே நிறுவனத்தின் பெயரைத் தட்டிக் காட்டினேன்.

“பாருங்க தம்பி, சரியான நம்பர் முதல்லயே வருது. அக்கா அவசரத்துல கீழ வேற எதையோ பாத்துட்டாங்க போல.”

மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

“இருக்கும்பா,” என்றார் அக்கா. “என் கண்ணு சரியில்ல. நாந்தான் ஒழுங்கா பாத்திருக்கணும்.”

கண்ணாடியை மாற்றச் சொன்னேன். அன்று கூலி வாங்கவில்லை.

மகன் இப்போது அந்த வீட்டுப் பக்கமே வருவதில்லை. அக்கா தையலையும் விட்டுவிட்டார். தன் கண்ணைத் தானே நம்ப முடியவில்லை என்கிறார். போகும்போதும் வரும்போதும் நான்தான் நலம் விசாரிக்கிறேன், பழம் வாங்கிக் கொடுக்கிறேன். “சொந்தத் தம்பி மாதிரி பாத்துக்கிறப்பா” என்பார். கேட்க எனக்கு வேதனையாகத்தான் இருக்கும்.

அந்த எண்ணை வைத்திருந்த கும்பலைப் பிடித்து, அவர்கள் காசு கொடுத்த விளம்பரக்காரர்கள் வழியாக என்னிடமும் வந்துவிட்டீர்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். ஏற்றியது நான். அழித்தது நான். பழியைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்ததும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. அக்காவுக்கு மட்டும் இது தெரியவேண்டாம். எல்லாம் தன் கண் செய்த தவறு என்று அவர் இப்போதுதான் மனதைத் தேற்றிக்கொண்டு வருகிறார். நான்தான் என்று தெரிந்தால், பாவம், தாங்கமாட்டார்.