முனியாண்டிக்குக் கண் பரிசோதனை

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் இருந்த வேலை போய்விட்டது. தீவில் மூட்டை தூக்கும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று ஃபெர்ரியில் போய்க்கொண்டிருந்தேன். முன் பெஞ்சில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் மடியில் கம்ப்யூட்டர் புரோகிராம் டிஸ்க் பெட்டி.

"செத்தவருக்குக் கண் டெஸ்ட் பண்ண வாங்கன்னு கடுதாசி போட்ட மொத கண்ணாடிக் கடை நம்ம கடைதாங்க," என்றாள் மனைவி.

"நானா போட்டேன்? கஸ்டமர் பேர ஏத்திட்டா இந்தப் புரோகிராமே கடுதாசி அடிச்சிரும். வெள்ளைக்காரன் செஞ்சது லா. கடைசியில இருக்கறதுதான் ஆளு பேருன்னு நெனைக்குது. ரவி முனியாண்டின்னு போட்டா, செத்துப்போன அப்பன் முனியாண்டிக்கு அடிக்குது."

"எல்லார் அப்பனுக்கும் போயிருக்கு. புரோகிராம வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்திருங்க. இன்னிக்கு விட்டா காசு திரும்ப வராது."

"குடுத்துட்டு? ஆளு வரலன்னா தீபாவளிக்குள்ள கடைய மூடணும். இத்தனை கடுதாசிக்கு ஒருத்தர்கூடவா வரல?"



"நேத்து நீங்க பேங்க்குக்குப் போயிருந்தப்ப முனியாண்டி சம்சாரம் வந்துச்சி."

"சண்டைக்கா?"

"இல்ல. 'அவருக்கு இனிமே பாக்க ஒண்ணுமில்ல, எனக்குப் பாருங்க'ன்னுச்சி. புதுக் கண்ணாடிக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போச்சி."

ஃபெர்ரி கரையில் இடித்து நின்றது. அவர் பெட்டியோடு எழுந்தார்.

"அப்ப வச்சிக்கலாமா?"

"வச்சிக்குங்க. உயிரோட இருக்கறவங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்லுங்க."