ஏழு இல்லாமல் எண்ணும் பேய்

— பேய்க்குக் கால் முட்டி வரைக்கும் படிக்கட்டுக்குள்ள புதைஞ்சிருக்கு தம்பி. பயம் வரல, பாவமா இருக்கு. எழுதிக்கோங்க.

— எழுதிட்டேன் அண்ணி. இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டுல இது முப்பத்தொண்ணாவது பிழை. அப்புறம்?

— சமையலறைக் கதவத் திறந்தா மொட்டமாடி வருது. ஆனா ஒண்ணு, முதல் பாகத்துல கத்திக் கத்திப் பயமுறுத்தினீங்க. இந்த ரெண்டாம் பாகத்துல காலி வீட்டுல சும்மா நடந்தாலே திரும்பித் திரும்பிப் பாக்க வைக்குது. உங்க அண்ணன் கண்ண மூடறதுக்கு முன்னாடி செஞ்ச பாதி அப்படி.

— அதாவது, அவரு செஞ்ச பாதி உசுரோட இருக்கு, நான் ஒட்டின பாதி செத்துக் கெடக்குதுங்கறீங்க.

— என் வாயால சொல்ல வைக்காதீங்க.

— சரி விடுங்க. கண்ணாமூச்சி அறை? பேய் பத்து எண்ணறதுக்குள்ள ஒளிஞ்சீங்களா?

— ஒளிஞ்சேன். அஞ்சு, ஆறு, எட்டுன்னு எண்ணுது.

— ஏழு?

— இல்ல.

— நல்லாக் கேட்டீங்களா அண்ணி?

— ஹெட்போன் காதுல மாட்டிக்கிட்டுத்தான் கேட்டேன். அத மட்டும் பிழைன்னு எழுதாதீங்க.

— ஏன்?

— நம்ம பாப்பா மூணு வயசுல ஏழ விட்டுட்டுத்தான் எண்ணுவா. அவகூட ஒளிஞ்சு விளையாடறப்ப அவரும் அப்படியே எண்ணுவாரு. அவ திருந்திட்டா, அவரு திருந்தல. பேய்க்குக் குரல் குடுக்கறப்பவும் அதையே பதிவு பண்ணி வச்சிருக்காரு மனுஷன்.

— அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்.

— இருங்க, நான் பேசிடறேன். அவரு போய் ஒன்றரை வருஷமாச்சு. என் போன்ல அவரு குரல் துணுக்குகூட இல்ல. எந்நேரமும் ஒரே அறையில உக்காந்து வேலை பார்த்தோம், எதுக்குப் போன்ல பேசப் போறோம்? இன்னிக்கு அந்தக் கண்ணாமூச்சி அறை அலமாரிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு மூணு தடவ கேட்டேன். நாலாந்தடவ ஒளியவே இல்ல, கண்டுபிடிக்கட்டும்னு நடு அறையில நின்னேன். விக்கறதுக்கு முன்னாடி அந்தக் குரல எடுத்துடாதீங்க தம்பி. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.

— திட்டக்கூடாது நீங்க.

— எதுக்குத் திட்டப் போறேன்?

— போன மாசமே எடுத்துட்டேன். ஏழு விட்டுப்போச்சுன்னு, அதாவது, பிழைன்னு நெனச்சு அழிச்சிட்டேன். நகல்கூட வைக்கல.

— விளையாடாதீங்க. இப்பத்தானே கேட்டுட்டு வந்தேன்.

— இப்ப அந்த அறையில இருக்கறது என் குரல் அண்ணி. ஏழும் சேத்துத்தான் எண்ணினேன்.