திற்பரப்புச் சிங்கம்

“ஹலோ... ஆமா, ஜினிஷாதான்... ஏலே ஷிபினு, நீயா? இது யாருக்க நம்பரு?... அத்தைக்க போனா. எங்க நிக்க?... ராஜாக்கமங்கலத்திலயா. ஒளிச்சிருக்கியா?... காத்து வாங்க வந்தியாம். போலீஸ்காரரத் தள்ளிவிட்ட கேஸுக்கு நடுவுல உனக்குக் கடல்காத்து கேக்குதாக்கும்.”

நாகர்கோவில் கோர்ட்டுக் கான்டீனில் வக்கீல் ஜினிஷா ரசவடையை ஒரு கடி கடித்திருந்தாள். சித்தி மகனின் போனுக்காகக் காலையிலிருந்தே காத்திருந்தாள். அதைக் காட்டிக்கொண்டால் பயல் இன்னும் பயந்துவிடுவான் என்று வாயில் வடையோடே பேசினாள்.

“அழாத... நீ அழல்லியா? அப்ப மூக்கு உறிஞ்சுகது யாரு, அத்தையா?... செரி, கேளு. எஃப்.ஐ.ஆர். பாத்துட்டேன். ஞாயிற்றுக்கெழம திற்பரப்பு அருவியில வெள்ளம் கூடுனதும் ரதீஷ் ஏட்டு விசில் ஊதி எல்லாரையும் கரையேறச் சொல்லியிருக்காரு. நீ ஏறல்ல. கையப் புடிச்சவர நீ தள்ளிவிட்டுட்ட. முழங்கையில நாலு தையல். அப்பிடித்தான் எழுதியிருக்கு... ஆமா... ஆமா... உனக்க பக்கத்தையும் கேக்கேன், பொறு.”

“... தண்டனையா? வேலையச் செய்யவிடாம போலீஸத் தாக்குனா ரெண்டு வருசம் வரைக்கும். காயம் பட்டதுக்குத் தனியா ஒண்ணு, அது அஞ்சு வருசம் வரைக்கும்... இல்ல மக்கா, பைன் கட்டிட்டுப் போற கேஸ் இல்ல. ஸ்டேஷன்ல ஜாமீன் தரமாட்டாவ. புடிச்சா நேரே ரிமாண்டுதான்... ஃப்ளைட்டு எண்ணைக்கு?... பதினெட்டா.”

அன்று தேதி பன்னிரண்டு. ஷிபினுக்கு மஸ்கட் விசா வந்ததற்காக அவன் அம்மா செல்லபாய் சித்தி சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொன்னது போன வாரம்தான். ஜினிஷா வடையைத் தட்டில் வைத்துவிட்டாள். இந்த வழக்கு ஒட்டிக்கொண்டால் விமானமும் போகும், வேலையும் போகும். அவளுக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது.

“என்னது, கேரளாவுக்கா? களியக்காவிள தாண்டுனா நம்ம போலீஸ் வராதுன்னு யாரு சொன்னா?... உனக்க கூட்டுக்காரன் டிஜோவா. அவன் பெரிய ஜட்ஜு. நீ அங்கயே இரி, நான் முன்ஜாமீன் போடுகேன். இப்ப உள்ளதச் சொல்லு, தள்ளுனியா?... பின்ன அவரு எப்பிடி விழுந்தாரு?... எண்ணெயா? உச்சி முதல் உள்ளங்கால் வரைக்குமா? எண்ண தேய்ச்சுக் குளிக்கக்கூடாதுன்னு போர்டு இருக்கே... ஓ, போர்டு வெளியூர்க்காரங்களுக்காக்கும்.”

“... அவரு புடிச்சாரு, கை வழுக்கிச்சு, ரெண்டு பேரும் விழுந்தாச்சு. செரி. அன்னைக்கே ஏன் கேஸ் ஆகல்ல?... சிரிச்சுட்டுப் போயிட்டாரா. பின்ன யாரு கெடுத்தது?... ஸ்டேட்டஸா... டிஜோ எடுத்த வீடியோவ ஒம்பது செக்கண்டா வெட்டி, பாட்டுப் போட்டு, ‘திற்பரப்புச் சிங்கம்’னு எழுதி... நீயே வச்சியா. அது இன்ஸ்பெக்டருக்க போன் வரைக்கும் போயிட்டு. நல்ல காரியம்... அழிக்காத. ஒண்ணையும் அழிக்காத, அது வேற கேஸாவும். வெட்டாத வீடியோ எவ்வளவு?... நாப்பத்தொரு செக்கண்டு. அத அனுப்பு... ஏன் மாட்ட? ஏலே, அதில அப்பிடி என்னதான் இருக்கு?”

ஷிபின் மென்று விழுங்கிச் சொல்லத் தொடங்கினான். ஜினிஷாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து மேஜையிலிருந்த சீனியர் வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

“வெள்ளம் இழுத்துட்டா?... ‘அம்மோ’ன்னு கூவினியா... அவரு பின்னால சாடி, கையப் புடிச்சா வழுக்குகுன்னு முடியப் புடிச்சா இழுத்துக் கரையில போட்டாரு?... பாறையில முழங்கை கிழிஞ்சது அப்பத்தானா. மக்கா, உனக்க கேஸே அதுதாம்லே... ஜெஸ்மி பாத்தா மானம் போவுமா? நிச்சயம் செய்த பொண்ணு சிங்கத்த ஜெயில்லயா வந்து பாக்கணும்?... ஆமா, ஜட்ஜும் பாப்பாரு. சிரிக்கட்டும். சிரிச்சுட்டு ஜாமீன் தரட்டும்.”

சிரிப்பு அடங்கியபோது அவளுக்குக் கோபம் வந்தது.

“ஷிபினு, ஒண்ணு கேக்கேன். கேஸு வேண்டாம்னுதான் ஏட்டு அன்னைக்குச் சிரிச்சுட்டு விட்டிருக்காரு. உனக்க ஸ்டேட்டஸப் பாத்துட்டு ஸ்டேஷன்ல மத்தவங்க கேலி பண்ணின பொறவுதான் எழுதிக் குடுத்திருப்பாரு. கரையில போட்டாரே, அப்ப அவருக்கிட்ட ஒரு நன்றியாவது சொன்னியா?... சொல்லல்ல, இல்லியா.”

“... அனுப்பிட்டியா. செரி, வந்துட்டு... என்னது, அவருக்க நம்பரா? இப்பவே கூப்பிட்டுச் சொல்லப்போறியா?... வேண்டாம் மக்கா. நீ இப்ப இந்தக் கேஸில குற்றஞ்சாட்டப்பட்டவன். புகார் தந்தவருக்குப் போன் போட்டா மிரட்டுனதா ஆவும்... ஆமா, நன்றி சொன்னாலும்தான். அன்னைக்குக் கரையில வச்சுச் சும்மா சொல்லியிருக்கலாம். இப்ப அதையும் வக்கீல் வழியாத்தான் சொல்லணும், அதுக்கும் வக்காலத்தில நீ கையெழுத்துப் போடணும்... ஆமா, எழுதுகேன். முன்ஜாமீன் மனுவில முதல் பாராவே உனக்க நன்றிதான். வைக்கேன்.”