சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சப்வூஃபர்

"ஏன்னா, பூ விழுந்துடுத்து."

பக்கத்து வீட்டிலிருந்து செண்பகவல்லி மாமியின் குரல் சுவரைத் தாண்டி வந்தபோது நான் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் பாஸை, அதாவது கீழ்ச்சத்தத்தை, சரி செய்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான். புதிதாக ஸ்பீக்கர் வாங்கிய எவனும் செய்கிற வேலை.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். என் பெயர் ரகுநந்தன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற ஸ்ரீனிவாசராகவன் மாமா, செண்பகவல்லி மாமி, ஒரே பெண் ஸ்ம்ருதி. அவள் ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சர். அவளுடைய ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அதற்குக் காரணம் அந்த ஸ்கூட்டரின் சைலன்சர். வேறு காரணம் இல்லை.

பாஸ் விஷயத்துக்கு வருகிறேன். திருச்சி பாலக்கரையில் பிரிட்டோவின் கடையில், கீழ்ச்சத்தத்துக்கென்றே உள்ள பெரிய பெட்டியான ஒரு சப்வூஃபரும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் வாங்கினேன். கடையில் நெஞ்சு அதிர்ந்தது. வீட்டில் தகர டப்பாவைத் தட்டியது போல இருந்தது. கம்ப்யூட்டரில் சவுண்ட் டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன். ஈக்வலைசரில் கீழ்ச்சத்தத்தை ஏற்றினேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்து ஒழுங்காக மாட்டினேன். கொஞ்சம் தேறியது, போதவில்லை. பிரிட்டோவுக்கு போன் போட்டேன்.

"பெரிய பெட்டியை எங்க சார் வெச்சிருக்கீங்க?"

"மேஜை மேல."

"மேஜை மேல வைக்க அது என்ன பூ ஜாடியா? தரையில இறக்குங்க. சுவத்தை ஒட்டி மூலைக்குத் தள்ளுங்க. அப்புறம் நீங்களே போதும் போதும்பீங்க."

ப்ளக் பாயின்ட் இடது மூலையில் இருந்ததால் அங்கே தள்ளினேன். சுவரே உறுமியது. அப்போதுதான் மாமி பூ விழுந்ததைச் சொன்னாள்.

அந்தப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமா எந்தக் காரியத்துக்கும் பெருமாளிடம் உத்தரவு கேட்பார். வெள்ளிக்கிழமை காலையில் பூஜை முடிந்ததும் பெருமாள் படத்தின் மேல்சட்டத்தில் ஒரு நந்தியாவட்டையைச் செருகிவிட்டு விஷயத்தைச் சொல்வார். பெருமாளுக்கு வலப்பக்கம் விழுந்தால் சரி. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். அந்தப் படம் எங்கள் பொதுச் சுவரில் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. மாமாவுக்குக் காது மந்தம், ஆகவே பெருமாளிடம் உரக்கத்தான் பேசுவார். அன்று அவர் கேட்டது, ஸ்ம்ருதிக்கு வந்த சென்னை வரனைப் பற்றி. பூ இடப்பக்கம் விழுந்தது. வரன் போயிற்று.

அது விபத்து. அதை நான் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அடுத்ததை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கலாமா என்று மாமா கேட்ட வெள்ளிக்கிழமை, பெட்டியை வலது மூலைக்கு மாற்றிப் பார்த்தேன். பாட்டு போடவில்லை. பாஸ் சோதிப்பதற்கென்று இணையத்தில் கிடைக்கிற கீழ்ச்சுருதி ஒலியை மட்டும் விட்டேன். அது காதுக்கு அவ்வளவாகக் கேட்காது, சுவருக்குக் கேட்கும். பூ வலப்பக்கம் விழுந்தது. வெள்ளையடித்தார்கள். வீடு பளிச்சென்று ஆனது. என்னால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

ஒரு வசதியையும் கவனித்தேன். சுவரைப் பார்த்து நின்றால் நானும் பெருமாளும் ஒரே திசையைத்தான் பார்க்கிறோம். என் வலம் அவருக்கும் வலம். குழப்பமே இல்லை.

இரண்டாவது வரனுக்கு ஹூப்ளியில் வேலை. அவ்வளவு தூரத்தில் ஸ்ம்ருதிக்குப் பிடித்த மாதிரி காபி கிடைக்காது. இடது மூலை. மூன்றாவது வரனிடம் எவ்வளவு யோசித்தும் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாகப் பட்டது. மறுபடி இடது மூலை.

அதற்குப் பிறகு மாமா ராத்திரி சாப்பாட்டை விட்டுவிட்டார். வயதானவர்களுக்கு அது நல்லது என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள். மாமி தினமும் கோயில் பிராகாரத்தைச் சுற்றத் தொடங்கினாள். நடை மூட்டுக்கு நல்லது. சமையலறையில் அவள் அழுவது கேட்கும். அது பாஸ் இல்லை, மெல்லிய சத்தம். ஆனாலும் எங்கள் சுவர் அதையும் கடத்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வரனைப் பற்றிக் கேட்கவில்லை. "பெருமாளே, அடியேன் என்ன அபசாரம் பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் எந்த மூலையிலிருந்தும் பதில் சொல்லவில்லை. எனக்கென்று சில வரம்புகள் உண்டு.

அவர்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் என் சித்தி ஹம்ஸாவிடம் பேசினேன். "பக்கத்தாத்துல பாவம், ஒண்ணும் அமையலை" என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். அவளாகவே என் ஜாதகத்தை மாமாவிடம் கொடுத்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் நான் தலையிடுவதில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியைத் துடைத்து வலது மூலையில் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டர் சத்தம். ஸ்ம்ருதி நேராக என் வீட்டுக்குள் வந்தாள். நின்றபடியே வலது மூலையைப் பார்த்தாள்.

"பாஸ் இப்ப நன்னா வரதா?"

"பரவாயில்லை."

சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "அப்பா பூ வைக்கறச்சே நான் இப்படித்தான் கை வெச்சுப் பார்ப்பேன். டீச்சர் புத்தி. வரன் பேச்சு வந்தா பெருமாளுக்கு இடது பக்கம்தான் கிடுகிடுங்கும். வெள்ளையடிக்க மட்டும் வலது பக்கம்."

நான் பெட்டியின் மேல் இல்லாத தூசியைத் தட்டினேன். அவள் சிரித்தாள்.

"பயப்படாதீங்கோ. நான் யார்கிட்டயும் சொல்லலை. அந்த மூணு பேரையும் எனக்கும் பிடிக்கலை. அதான் சும்மா இருந்தேன்."

என் மனசாட்சி இவ்வளவு லேசாக இருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவள் மனசைத்தான் இத்தனை நாளும் நான் நிறைவேற்றிவந்திருக்கிறேன். காபி போடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். அம்மா அழறதை இனிமே என்னால கேக்க முடியாது. நாளைக்கு அப்பா ரெண்டு ஜாதகத்துக்கும் பூ வெக்கப் போறார். ஒண்ணு எங்க ஸ்கூல்ல வேலை பார்க்கற ஹரிபிரசாத்தோடது. இன்னொண்ணு உங்களோடது."

"பெருமாள் விட்ட வழி" என்றேன், அடக்கமாக.

"மொதல்ல ஹரிபிரசாத், அதுக்குப் பெட்டி இந்த மூலையிலயே இருக்கட்டும். அடுத்த ஜாதகத்துக்கு மட்டும் பழைய மூலைக்குத் தள்ளிடுங்கோ, அண்ணா."