கைப்பழக்கம்

பழைய டீசல் பிக்கப்பில் கியர்பாக்ஸ் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. ஒரே ஆள் செய்துவிடலாம். அப்புறம் கொஞ்ச நாளைக்கு முதுகு நம் பேச்சைக் கேட்காது, அவ்வளவுதான்.

வண்டி என் அக்கா புருஷனுடையது. மாமா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷன், அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. கல்யாணமான பிறகும் என்னை விடவில்லை; அவர்கள் வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை கொடுத்தாள். மாமாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. வண்டியிலோ மூன்றாவது கியர் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது.

"கியர் பெட்டியை மாத்திக் குடுத்துடு மாப்ள, சாமானை ஏத்திட்டுக் கிளம்பிடறோம்" என்றார்.

அந்தக் 'கிளம்பிடறோ'மில் நான் இல்லை. அக்கா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவளுக்குப் புது ஊர் ஒத்துவராது. அது அவளுக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும்.

பழைய இரும்புக் கடையில் பொருந்துகிற பெட்டிகள் இரண்டு கிடந்தன. ஒன்று அச்சு அசல் அதேதான். மற்றது பின்னால் வந்த மாடல். போல்ட்டெல்லாம் அப்படியே உட்காரும், கியர் விழுகிற இடம்தான் வேறு. பழையதில் இடது பக்கம் தள்ளி முன்னால் போட்டால் ரிவர்ஸ். இதில் அதே இடத்தில் முதல் கியர். நான் இதைத்தான் தூக்கி வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் வைத்து வேலை பார்த்தேன். நீங்களே பார்த்தீர்கள், அங்கே தரை சரிந்துபோய் பழைய கல்குவாரி விளிம்பில் முடிகிறது. கீழே தண்ணீர். மாமா எப்போதும் வண்டியின் மூக்கு பள்ளத்தைப் பார்க்கத்தான் நிறுத்துவார். பின்னால் எடுக்க ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்க வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னால் பெரிய கற்கள் போட்டிருந்தார். ஜாக்கி வைக்கும்போது பின் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க அவற்றை எடுத்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அன்று வைக்கவில்லை. நன்றாகத்தான் தூங்கினேன்.

புதுப் பெட்டியோடு வந்த கியர் கம்பிக் குமிழில் கியர் படம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பழைய மொட்டைக் குமிழையே மாட்டினேன். மாமாவுக்கு அதுதான் கைக்குப் பழக்கம். நானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

காலையில் மாமா வந்து ஏறினார். "எல்லாம் பழையபடிதானே மாப்ள?"

"பழையபடிதான் மாமா."

சாமான் கட்டக் கயிறு வாங்க அவர் மட்டும் போவதாகப் பேச்சு. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"நானும் வர்றேன். இவர் வாங்குற கயிறு பாதி வழியிலேயே அறுந்துடும்" என்று ஏறி உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன்டா. ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுடு" என்றாள்.

அந்தப் பக்கத்துக் கதவு லேசில் மூடாது. வெளியே நின்று நான்தான் அழுத்திச் சாத்தினேன்.

மாமா கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். கை தானாகப் போய் இடது பக்கம் தள்ளி முன்னால் போட்டது. கால் ஓங்கி மிதித்தது. வண்டி முன்னால் பாய்ந்தது. பிரேக் விளக்கு எரிந்தபோது முன் சக்கரங்களுக்கு அடியில் தரை இல்லை.

அவள் மூடி வைத்ததைச் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். சாப்பிட்டேன். அவள் சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்?

அவள் ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் நான் செய்து வைத்தது அவளுக்குத் தெரிந்துபோயிருக்கும். தெரிந்தால் தாங்கமாட்டாள். அவள் மனசு நோகிற மாதிரி நான் ஒருநாளும் நடந்ததில்லை, ஐயா.