அ. ஐயாத்துரை உபயம்

கருங்கல் தரையைச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, ஐயா. நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும். உங்கள் பொலிஸ் நிலைய வாசலில் சில கற்கள் மங்கிப்போய்க் கிடப்பதைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன். கழுவுகிறவரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

மற்றதை நான் ஒழுங்காகவே சொல்கிறேன். அவசரப்பட ஒன்றுமில்லை. ஐயாத்துரையண்ணை செத்து, எட்டாம் நாள் எட்டுச் செலவும் முடிந்துவிட்டது.

என் பெயர் யோகநாதன். ஊர் ஸ்கந்தபுரம். சின்ன வயதில் நெல்மூட்டை சுமந்தேன், பிறகு கல் சுமந்தேன், பிறகு கல் பதிக்கப் பழகினேன். எங்கள் பிள்ளையார் கோயில் மண்டபத்தின் தரை முழுக்க நான் பதித்ததுதான். எல்லாம் கருங்கல். ஒவ்வொரு கல்லும் ஒருவருடைய உபயம், கல்லின் முகத்திலேயே பெயர் வெட்டியிருக்கும். உயிரோடு இருக்கிறவர் என்றால் வெறும் பெயர். இறந்தவருக்காகப் பிள்ளைகள் கொடுத்தது என்றால் பெயருக்கு முன்னால் அமரர். கும்பிட வருகிறவர்கள் சாமியைப் பார்க்க முதல் குனிந்து தங்கள் கல்லைத்தான் பார்ப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் கோயிலுக்குப் போனால் என் வேலையைத்தான் பார்ப்பேன்.

போன திருவிழாவில் பாட்டுப் பெட்டி சரிந்து ஐயாத்துரையண்ணையின் கல்லில் விழுந்தது. மூலைக்கு மூலை வெடிப்பு. அவருடைய கல்லுக்கு இடப்பக்கம் கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்தின் கல். வலப்பக்கம் அரிசி ஆலைக்காரருடையது. மேலே ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரின் தாயாருடையது. அந்தக் கற்களின் விளிம்பில் குறுணி அரிசி அளவு பெயர்ந்தாலும் கனடாவிலிருந்து தொலைபேசி வரும். அதனால் வேறு யாரையும் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

வெடித்த கல்லை மாற்றுவது பலம் காட்டுகிற வேலை இல்லை. சிலர் அலவாங்கை விளிம்பில் கொடுத்து நெம்புவார்கள். கல் கிளம்பும், பக்கத்துக் கல்லையும் கடித்துக்கொண்டு கிளம்பும். முதலில் பக்கத்துக் கற்களின் ஓரங்களை ஒட்டுநாடாவால் மூட வேண்டும். பிறகு இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள பூச்சைச் சுற்றிவர அறுத்தெடுக்க வேண்டும். அதுதான் முக்கியம். பூச்சு இருக்கும்வரை ஒரு கல்லில் விழுகிற அடி மற்றக் கல்லுக்கும் போகும். பூச்சை எடுத்துவிட்டால் அது தனிக் கல், அதற்கு என்ன நடந்தாலும் பக்கத்துக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நடுவில் துளை போட்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிக் கொத்திக்கொண்டு வரவேண்டும். ஓரத்துண்டுகளை உள்ளே இழுத்துத்தான் எடுக்க வேண்டும். கீழே ஒட்டியிருக்கிற பழைய சாந்தைச் சுரண்டிப் புதுக் கல்லை மட்டம் பார்த்து இருத்தினால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலும் எது பழசு எது புதுசு என்று தெரியாது.

அப்படித்தான் செய்தேன். பக்கத்துக் கற்களில் ஒரு கீறல் இல்லை. இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

மண்டபத் தரை பதித்தபோது மிச்சமிருந்த கற்களில் ஒன்றை முதலே வவுனியாவுக்கு அனுப்பிப் பெயர் வெட்டுவித்திருந்தேன். வெட்டுகிறவர் சுடலைமுத்து. நான் எழுதிக் கொடுத்தது, 'அ. ஐயாத்துரை உபயம்'. கல் முகத்தில் கடதாசி ஒட்டி வந்தது. முகத்தில் சாந்து படாமல் இருக்க அந்தக் கடதாசியோடேயே பதித்தேன். நான் கல்லின் விளிம்பைப் பார்க்கிறவன், எழுத்தைப் பார்க்கிறவன் இல்லை. சாந்து நன்றாக இறுகிய பிறகு கடதாசியை உரித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது கோயில் கூட்டுகிற மீனம்மா விளக்குமாற்றோடு கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"யோகன், ஐயாத்துரையண்ணை எப்ப மோசம் போனவர்? செத்தவீட்டுக்கு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

குனிந்து வாசித்தேன். 'அமரர் ஐயாத்துரை உபயம்' என்று இருந்தது. நல்ல ஆழமான வெட்டு.

சுடலைமுத்துவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அண்ணே, எனக்கு வர்றதெல்லாம் செத்தவங்க பேருதானே. 'அ' போட்டுப் புள்ளி வச்சா அமரர்னுதான் வெட்டுவேன். ஆளு உசிரோடவா இருக்காரு? எத்தனை வயசு?"

எண்பதை நெருங்குகிறவர் என்றேன்.

"அப்ப ஏன் அவசரம்? கொஞ்சம் பொறுங்க, கல்லு தன்னால சரியாயிரும்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பிழை ஒன்றுமில்லை. என் கை இருத்திய கல் இலேசில் கிளம்பாது. கிளப்பினால் பக்கத்துக் கற்கள் போகும். ஒரு மனிதரை எடுத்தாலோ, ஒரு மனிதர்தான். அதுவும் எப்படியும் போகப்போகிறவர். நான் அந்தக் கல்லின் மேல் ஒரு பாயை விரித்துவிட்டுப் பொறுத்திருந்தேன். மீனம்மாவிடம் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். சொல்ல மாட்டேன் என்றா. ஆனால் அதற்குப் பிறகு ஐயாத்துரையண்ணையைக் கண்டால் எட்ட நின்று திருநீறு பூசிக்கொள்ளுவா.

அண்ணை கல்லைப் பார்க்க வந்தார். அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, ஆளைக் குரலை வைத்துத்தான் மட்டுக்கட்டுவார். பாயை விலக்கிக் காலால் தடவினார்.

"வழுவழுப்பா இருக்கடா தம்பி. பேர் வடிவா விழுந்திருக்கோ? எங்க, வாசி பாப்பம்."

"அ. ஐயாத்துரை உபயம்" என்று வாசித்தேன். அமரர் என்பதில் முதல் எழுத்தை மட்டும் வாசித்தேன். இல்லாத எழுத்து ஒன்றையும் நான் வாசிக்கவில்லை.

"கண் வெள்ளை எடுக்க யாழ்ப்பாணத்தில திகதி தந்திட்டாங்கள்" என்றார். "கட்டு அவிட்ட உடன முதல் வேலை, வந்து என்ர கல்லை நானே வாசிக்கிறது. பிறகுதான் மனிசியின்ர முகத்தைப் பாக்கிறது. அவாவிட்ட சொல்லிப்போடாதை."

அவ்வளவு ஆசையோடு சொன்ன மனிதரை அந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவருடைய இடத்தில் இருந்து பாருங்கள். பார்வை வந்த அன்றைக்கு முதலில் வாசிக்கிறது அதுவாக இருக்கக் கூடாது.

அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது, இனிப்புத் தொடக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதனால் முள்ளியவளையில் தெரிந்த வீட்டில் தொதல் கிண்டுவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு பனங்கட்டி. பிறகு பாலும் சீனியும் அள்ளிப்போட்ட தேத்தண்ணி, என் கையாலேயே கலந்து. மனிதர் நிறம் வைத்தார். "பெத்த பிள்ளை கூட இப்பிடிப் பாக்காது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். தொதல் கொண்டுபோகாத நாள் ஆள் விட்டுக் கேட்டார். உடம்பு அவருக்கு நல்ல உடம்பு, ஐயா. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கண் வெட்டுகிற நாள் கிட்டே வந்தது. பொறுத்திருந்து ஆகிற காரியம் இல்லை என்று விளங்கியது.

அவர்களுடைய கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் இடிந்திருந்தது. திருத்தித் தருகிறேன் என்றேன். நேசமலர் அக்கா, அவருடைய மனைவி, மிகவும் சந்தோசப்பட்டா. அவாவுக்கு இழுப்பு இருக்கிறது. கல் வெட்டுகிற தூசி ஒத்துக்கொள்ளாது அக்கா, வேலை முடியும்வரை கிளிநொச்சியில் மகள் வீட்டில் நில்லுங்கோ என்று அனுப்பிவைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ள வருகிறவர்கள். அவர்களிடம், கட்டு இடித்திருக்கிறேன், கிட்ட வரக் கூடாது என்று சொல்லி, வேலியில் அவர்கள் நுழைந்து வருகிற பொட்டையும் அடைத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு ஒருவருக்கும் சின்னக் காயம்கூட வராமல் பார்த்துக்கொண்டேன்.

பிறகு பழைய கட்டை நிலமட்டம் வரை இடித்தேன். அண்ணை நின்று குளிக்கிற இடத்தில், ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய கருங்கல் பலகையை வைத்தேன். கண்ணாடி மாதிரி மினுக்கிய கல். தண்ணீர் படுகிற இடத்துக்கு மினுக்கிய கல் வைக்கக் கூடாது, வைப்பதென்றால் முகத்தைக் கொத்திச் சொரசொரப்பாக்கித்தான் வைக்க வேண்டும். கல் பதிக்கிற எவனுக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். வெளியே போக வேண்டிய சரிவைக் கிணற்றுப் பக்கம் கொடுத்தேன், மெல்லிய சரிவுதான். விடிய அவர் குளிக்க வந்தார். ஈரக்காலால் தடவிப் பார்த்துவிட்டு, "கோயில் கல்லை மாதிரியே இருக்கடா" என்று சொன்னார். அவர் சொன்ன கடைசிச் சொல் நல்ல சொல்தான்.

நான் அவரைத் தொடவில்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவும் இல்லை. சத்தம் நின்ற பிறகு அயலைக் கூப்பிட்டேன். அவர்கள் வருவதற்குள் அந்தக் கல்லைக் கிளப்பிச் சீமெந்துப் பையால் மூடிவிட்டேன். கிழவர் கால் தவறி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதினீர்கள். மீனம்மா உங்களிடம் வந்து, அவர் கிணற்றில் விழ முதலே செத்தவர், கல்லில் அப்படி வெட்டிக் கிடந்தது, தானே வாசித்தது என்று சொல்லியிராவிட்டால் இந்தக் கதிரையில் நான் இருந்திருக்க மாட்டேன். அவாவில் எனக்குக் கோபம் இல்லை. அவா கண்டதைத்தான் சொன்னா.

செத்தவீட்டில் நானும் நின்று வேலை செய்தேன். பந்தல் போட்டேன். எட்டுச் செலவு முடிந்து நேசமலர் அக்கா கோயிலுக்கு வந்தா. நான் பாயை எடுத்துக் காட்டினேன். கல் இப்போது சரியாக இருந்தது, அதில் எனக்கு ஒரு நிம்மதி. அவா குனிந்து வாசித்துவிட்டு அழுதா. இவ்வளவு கெதியாகச் செய்துவிட்டாயே என்று கையைப் பிடித்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தா.

"தம்பி, அமரர் சரி. 'அ' எங்கயப்பு? அவற்ர தேப்பன் அம்பலவாணற்ர எழுத்து? முதலெழுத்து இல்லாட்டி இது எந்த ஐயாத்துரை எண்டு ஆருக்குத் தெரியும்? சங்கக்கடை ஐயாத்துரையின்ர பிள்ளையள் நாளைக்கு வந்து எங்கட அப்பாவின்ர கல் எண்டு நிப்பினம்."

அவா சொன்னது நியாயம். சுடலைமுத்து 'அ'வை அமரர் ஆக்கியபோது தகப்பனாரின் எழுத்து போய்விட்டது. நான் இவ்வளவு பாடுபட்டும் அது எனக்குத் தெரியவில்லை. அதற்கென்ன அக்கா, இதைக் கிளப்பிவிட்டு எழுத்தோடு வேறு கல் போட்டுத் தருகிறேன், மிச்சக் கல் கிடக்கிறது, ஒரு காலைப்பொழுது வேலை, பக்கத்துக் கற்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். செய்துகொடுக்க முதல் நீங்கள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

ஏன் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்?

ஓம், விளங்குகிறது. ஒரு காலைப்பொழுதில் கிளப்பக்கூடிய கல்லை அப்போதே ஏன் கிளப்பவில்லை என்று கேட்கிறீர்கள்.

அது வேறு, ஐயா. இப்போது கிளப்பினால் அது அவா கேட்ட மாற்றம். அப்போது கிளப்பியிருந்தால் அது நான் விட்ட பிழை.